மூதாயைப் படமெடுக்க மண்ணில் படுத்தேன்

மதுரையின் புறநகரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் நான் ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே உள்ள கண்மாய்க் கரைக்குப் போய், எல்லோரும் தினமும் பார்க்கும் கரிச்சானையும் கொக்கையும் எருக்கம்பூவையும் அதில் வந்தமரும் வண்ணத்துப்பூச்சியையும் படமெடுப்பது ஆறு ஆண்டுகளாக என் பழக்கம். அந்தப் பழக்கம் 2024 நவம்பரில் என்னை ஏழு நாட்கள் மருத்துவமனையில் கிடத்தியது. அதில் நான்கு நாட்கள் ஐ.சி.யூ.வில் ஆக்சிஜன் முகமூடியுடன் கழிந்தன. இடறி விழவில்லை, பாம்பும் தீண்டவில்லை. மூதாய் என்னும் சிவப்பு வெல்வெட் பூச்சியைப் படுத்துப் படமெடுத்த இடத்தில் கண்ணுக்கே தெரியாத வேறோர் உயிர் என் உடம்பில் ஏறி, ஸ்க்ரப் டைபஸ் என்னும் காய்ச்சலைத் தந்திருந்தது. அப்படி ஒன்று இருப்பதை ஆறு ஆண்டுகளில் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஒளியைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் பேசிய நண்பர்கள் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஏன் படுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தொடக்கத்தில் நான் எடுத்த தவிட்டுக்குருவிப் படங்கள் எல்லாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து எடுத்தவைபோல் இருக்கும். நின்றபடி கீழ்நோக்கிப் படமெடுத்தால் பறவையின் முதுகும் அதன் பின்னால் ஒரு சாண் தூரத்தில் உள்ள சருகும் குப்பையும் ஒரே தெளிவில் விழுந்துவிடுகின்றன. கேமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தினால் பின்னணி வெகுதூரம் தள்ளிப்போய்ப் பச்சையும் பழுப்புமாகக் கரைந்துவிடுகிறது; பறவை மட்டும் தனித்து நிற்கிறது. விலையுயர்ந்த லென்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு இதைவிட மலிவான உபாயம் கிடையாது. முழங்காலிட்டேன், பிறகு குந்தினேன், கடைசியில் குப்புறப் படுக்கவே பழகிவிட்டேன். கண்மாய்க் கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "பூச்சி பொட்டு கெடக்கும் டீச்சர், பாத்துப் படுங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எங்கள் பக்கத்தில் பூச்சி என்றால் பாம்பு. ஆகவே நானும் குச்சியால் புல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, பாம்பு இல்லை என்ற நிம்மதியில் படுத்துவிடுவேன்.

அந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முல்லைத் திணையை நடத்தும்போது மூதாயைப் பற்றிப் பேச்சு வந்தது. கார்காலத்து முதல் மழை பெய்து ஓய்ந்ததும் செம்மண்ணிலிருந்து வெளிவந்து மெதுவாக ஊர்ந்து திரியும் சிவப்பு வெல்வெட் பூச்சியைத்தான் சங்கப் புலவர்கள் மூதாய் என்றார்கள். குருதியின் நிறம் என்று அதை வருணித்தவர்களும் உண்டு. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். அதைப் பார்த்திருந்தவர்கள் மூன்றே பேர். வலையில் கிடைக்கும் படம் எதையாவது காட்டிவிட்டுப் போயிருக்கலாம். நம் ஊர் மண்ணில் நடப்பதையே எடுத்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் பிழை இருந்ததாக இப்போதும் நான் நினைக்கவில்லை.

அக்டோபர் 25ஆம் தேதி மதுரையில் பெருமழை கொட்டியதும் செல்லூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு நாள் கழித்து, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, விடிந்ததும் கண்மாய்க்குப் போனேன். கரைக்கும் வயலுக்கும் இடையில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் மண்டிய ஒரு செம்மண் திட்டு இருக்கிறது. அங்கே மூதாய்கள் குன்றிமணியைச் சிதறவிட்டதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துப்பட்டாவை ஈரப்புல்லின் மேல் விரித்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குப்புறப் படுத்தேன். ஏழு மணிக்குப் படுத்தவள் எழுந்தபோது மணி பத்தேகால்.

மூதாயைப் படமெடுப்பது எளிதன்று. சற்று நிற்கிறதே என்று ஃபோகஸ் செய்வதற்குள் நகர்ந்துவிடும். குச்சியால் தொட்டால் எட்டுக் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு வெறும் உருண்டையாகிவிடும், அப்புறம் அது நடக்க ஐந்து நிமிடம் ஆகலாம். ஆகவே தொடக்கூடாது, அது வரும் வழியைக் கணித்து முன்னால் காத்திருக்க வேண்டும். மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் முழு உருப்பெருக்கத்துக்குப் போனால், லென்ஸின் ஒளித் துவாரத்தை எஃப் 11 வரை குறுக்கினாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். எனவே கண்ணும் முன்கால்களும் ஒரே தளத்தில் வரும்படி பக்கவாட்டில் படுத்து எடுக்க வேண்டியிருக்கும். துவாரம் குறுகினால் வெளிச்சம் போதாது. நான் ஃபிளாஷின் முன்னால் வெள்ளைத் தயிர் டப்பாவை வெட்டி ஒட்டியிருக்கிறேன், அது ஒளியை மெதுவாகப் பரப்பிவிடும். இன்னொன்று, கேமராக்களுக்கு இத்தகைய அடர்சிவப்பு ஒத்துவராது. கேமரா காட்டும் அளவை அப்படியே நம்பினால் வெல்வெட் மயிர் ஒன்றுகூடத் தெரியாமல் சிவப்புச் சாந்தைக் குழைத்துப் பூசியதுபோல் வரும். வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒளியளவின் அலகு) குறைத்து எடுத்த பிறகுதான் மயிரிழைகள் பிரிந்து தெரிந்தன. இருண்ட பின்னணியில் கொக்கை எடுக்கும்போது வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், வெளிர் வானத்தின் முன் கரிச்சானை எடுக்கும்போது கூட்ட வேண்டும் என்பது எல்லோரும் சொல்வதுதான். சிவப்புக்கும் தனிக் கணக்கு உண்டென்பதை அன்று 214 படங்கள் எடுத்துக் கற்றேன். அவற்றில் உருப்படியாக வந்தவை நான்கு.

அந்த மூன்றேகால் மணி நேரத்தில் நான் செய்த தவறுகளை இப்போது விரல்விட்டு எண்ணுகிறேன். வெறுங்கால். முழங்கால்வரை ஏறிய தளர்வான சல்வார். மண்மேல் விரித்த துப்பட்டாவை உதறிவிட்டு அதையே தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் வந்தேன். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு வீட்டுக்கு வந்த பிறகு நடந்தது. குளிக்கவில்லை, உடை மாற்றவில்லை. கார்டைக் கணினியில் செருகிப் படம் பார்க்க உட்கார்ந்துவிட்டேன். பார்த்து முடித்தபோது மாலை நான்கு மணி. படமெடுக்கும் எவருக்கும் இந்த அவசரம் புரியும்.

நவம்பர் 6ஆம் தேதி மாலை குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தது. தலையைப் பிளப்பதுபோல் வலி, கண்ணை அசைத்தாலும் வலி. மழைக்காலத்துக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். மூன்றாம் நாள் தெருமுனைக் கிளினிக்குக்குப் போனதும் ஓர் ஊசியும் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தார்கள். எங்காவது வெளியே போனீர்களா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் கண்மாய்க்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கே தோன்றாதபோது அவர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஐந்தாம் நாள் இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் 88,000 என்று வந்தது. குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் டெங்கு என்றார்கள். டெங்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்தபோதும், சில வேளை அப்படித்தான் வரும் என்று ஆறுதல் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அக்கா பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் கொண்டுவந்து வைத்தார். அவருடைய அன்பை நான் மறக்க மாட்டேன்; ஆனால் அந்தச் சாற்றை நம்பி மேலும் இரண்டு நாள் வீட்டில் கிடந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

நவம்பர் 12ஆம் தேதி இரவு கழிவறைக்குப் போய்த் திரும்பும் பத்தடிக்குள் மூச்சு வாங்கியது. கட்டிலில் உட்கார்ந்து மூச்சை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு முப்பதைத் தாண்டியது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சொன்னால் அந்த நேரத்தில் அவர் என்ன செய்வார்? யாருக்கும் சொல்லாமல் ஆட்டோவை வரவழைத்து, கதவைப் பூட்டி, சாவியை அக்கா வீட்டுச் சன்னலில் வைத்துவிட்டு ஏறினேன். அந்தப் பயணம் முழுவதும் எனக்கு வந்த ஒரே நினைவு வேடிக்கையானது. படங்களை இன்னொரு வட்டில் நகலெடுத்து வைக்கவில்லையே என்று கவலைப்பட்டேன். செத்துப்போவேன் என்ற பயம் ஐ.சி.யூ.வுக்குள் போன பிறகுதான் வந்தது. வந்தபோது மொத்தமாக வந்தது.

அங்கே இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர், "உடம்புல எங்கயாச்சும் கறுப்பா, பொருக்கு மாதிரி புண்ணு இருக்காம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மறைவான இடத்துல?" என்று மறுபடி கேட்டார். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே சல்வாரின் நாடா கட்டும் இடத்தில், இடுப்பின் இடப்பக்கம், ஏதோ தடித்ததுபோல் இருந்தது. வலி இல்லை, அரிப்பும் இல்லை. நாடா அழுத்திய தழும்பு என்று விட்டிருந்தேன். அவர் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். சிகரெட் நுனியால் சுட்டதுபோல் நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், ஒரு கடலைப்பருப்பின் அளவு. "ஸ்க்ரப் டைபஸ்" என்றார். மறுநாள் இரத்தப் பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது. அவர் இரண்டாம் முறை கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நான் நினைத்துப் பார்ப்பதில்லை.

பெண்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இந்தப் புண் பெரும்பாலும் அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு, தொடையிடுக்கு போன்ற, ஆடை இறுகிப் படியும் மறைவான இடங்களில்தான் வரும். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூசுகிறோம், அவரும் கேட்கக் கூசுகிறார். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் நோய் வளர்கிறது. காய்ச்சல் வந்தால் கண்ணாடி முன் நின்று நாமே தேடிப் பார்த்துக்கொள்ளலாம், முதுகுக்குக் கைபேசியில் படமெடுத்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் புண் வரும் என்றில்லை. புண் இல்லாததால் நோயும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இந்த நோயைத் தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். அந்தப் பெயரே என்னைப் போன்றவர்களைத் திசைதிருப்பிவிடுகிறது என்பது என் எண்ணம். உண்ணி என்றதும் மாட்டின் காதில் தொங்கும் உருண்டைதான் நமக்குக் கண்முன் வருகிறது. என் உடம்பில் அப்படி ஒன்றும் ஒட்டியிருக்கவில்லையே. உண்மையில் இதைப் பரப்புவது ஒருவகைச் சிலந்திப்பேனின் இளம்பருவம், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். புல் நுனியிலும் சருகிலும் காத்திருந்து, நம் ஆடையில் தொற்றி ஏறி, நாடாவோ இலாஸ்டிக்கோ இறுகும் இடத்தில் நின்று கடிக்கும். கடிப்பது தெரியாது. அதன் உடம்பில் இருக்கும் பாக்டீரியா நமக்குள் புகுந்து, பெரும்பாலும் ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படும். புதரும் வயலும் கலக்கும் இடங்கள், எலி வளைகள் உள்ள வரப்புகள், மழைக்குப் பிந்தைய ஈரம் ஆகியவை அதற்கு உகந்தவை. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் தொடர்ந்து வரும் குளிர்மாதங்களிலும் நோய் கூடுகிறது. நாம் பறவையும் பூச்சியும் தேடிப் போகும் இடமும் காலமும் அச்சு மாறாமல் இவையேதான். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தடுப்பூசி இல்லை.

மூதாயின் மீது பழி போட்டுவிடாதீர்கள். என்னைக் கடித்தது அதன் தூரத்து உறவுதான், அது அன்று. மூதாய் மனிதரைக் கடிப்பதில்லை, நோய் பரப்புவதுமில்லை. அதன் குஞ்சுகள் பிற பூச்சிகளின் மேல் ஒட்டி வாழும், வளர்ந்தது மண்ணில் சிற்றுயிர்களைத் தின்று திரியும். நான் நலமாகித் திரும்பியதும் ஒரு மாணவன், "அந்தச் செவப்புப் பூச்சியப் பாத்தா இனிமே மிதிச்சுப்புடறேன் டீச்சர்" என்றான். பரிவோடு சொன்னதுதான், ஆனாலும் அன்றைய பாடவேளை முழுவதையும் அதற்கே செலவழித்தேன்.

மருத்துவத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன். இதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, மலிவான மருந்து நன்றாகக் கேட்கிறது, அஸித்ரோமைசினும் தரப்படுகிறது. கிளினிக்குகளில் வழக்கமாக எழுதித்தரும் பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின் வகை மாத்திரைகள் இந்தப் பாக்டீரியாவை ஒன்றும் செய்வதில்லை. நான் விழுங்கியதும் அவற்றில் ஒன்றுதான். எனக்கு நுரையீரல் வரை பாதிப்பு போய்விட்டதால் இரண்டு மருந்துகளையும் நரம்பு வழியாகச் சேர்த்தே ஏற்றினார்கள். கடுமையான நிலையில் இரண்டையும் சேர்த்துத் தருவது தனித்தனியே தருவதைவிட நல்லது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு காட்டியிருப்பதாக அந்த மருத்துவர் விளக்கினார். மருந்து ஏறிய இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் தாங்களே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். மருத்துவரிடம், "நான் புதரில் படுத்துப் படமெடுப்பவள், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா என்று பாருங்கள்" என்று சொன்னால் போதும். அந்த ஒரு வாக்கியத்தை மூன்றாம் நாள் சொல்லாததற்கு நான் கொடுத்த விலையைக் கீழே எழுதுகிறேன்.

கிளினிக்குக்கும் அதன் மாத்திரைகளுக்கும் 2,900 ரூபாய், வெளியில் எடுத்த பரிசோதனைகளுக்கு 5,600, மருத்துவமனைக்கு 1,52,400, ஆட்டோவும் பிற்பாடு வாங்கிய மருந்துகளும் 3,100. ஆக 1,64,000 ரூபாய். விடுப்பு தீர்ந்துபோய்ப் பதினான்கு நாள் சம்பளம் பிடித்தார்கள், அது 11,200. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தேன். அதே ஆண்டு மேக்ரோ லென்ஸைப் பழையதாக 24,500 ரூபாய்க்கு வாங்கியதால்தான் தவணை கட்ட முடியாமல் போயிற்று என்பது இன்னொரு வயிற்றெரிச்சல். இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. ஒன்று இன்னும் திரும்பவில்லை. டிசம்பர் 2ஆம் தேதிதான் பள்ளிக்குப் போனேன். சனவரியில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கடுமையான காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி ஆவதுண்டு, தானே வளர்ந்துவிடும் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் இரண்டு இரவு அழாமல் இருந்திருப்பேன்.

எதிர்பாராத விதத்தில் கேமரா ஒரு நன்மையும் செய்தது. எப்போது வெளியே போனீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது என் மூளை தேதிகளைக் குழப்பியது. தீபாவளிக்கு முன்னா பின்னா என்றுகூடச் சொல்லத் தெரியவில்லை. கைபேசிக்கு மாற்றியிருந்த மூதாய்ப் படத்தின் விவரத்தைத் திறந்தேன்; அக்டோபர் 27, காலை 7.12 என்று இருந்தது. காய்ச்சல் தொடங்கியதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு. அவர் அதைக் குறித்துக்கொண்டார். கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் பேட்டரியை மாற்றியதும் தேதி தவறிப்போனதைக் கவனிப்பதே இல்லை.

படமெடுப்பதை விட்டுவிடு என்று அம்மா கெஞ்சினார். விடவில்லை. எடுக்கும் முறையைத்தான் மாற்றினேன். 2025 பொங்கல் நாட்களில், 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் ஆண்டுதோறும் நடத்திவரும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்காக அதே கண்மாய்க்கு மீண்டும் போனேன். ஆடு மேய்ப்பவர் என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். வெளிர் நிற முழுக்கைச் சட்டை, அதைக் கால்சட்டைக்குள் செருகி, கால்சட்டையின் நுனியை முழங்கால்வரை ஏறும் காலுறைக்குள் செருகி, மூடிய காலணி. கறுப்பு உடையில் ஊர்வது தெரியாது என்பதற்காக வெளிர் நிறம். துப்பட்டா வீட்டில்.

பூச்சி விரட்டி பூசுவோருக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். டீட் என்ற பொருள் கலந்த களிம்பு இந்தச் சிலந்திப்பேனைத் தடுப்பதில் நன்றாக வேலைசெய்கிறது. ஆனால் அது பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் அரித்துவிடும். முதல் முறை பூசிய கையோடு கேமராவைப் பிடித்தேன். கைப்பிடியின் ரப்பர் பிசுபிசுத்து, என் பெருவிரல் ரேகை அதில் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது. கணுக்கால், இடுப்பு, கழுத்து, முழங்கை ஆகியவற்றில் பூசிக்கொண்டு, உள்ளங்கையையும் விரல்களையும் சோப்பிட்டுக் கழுவித் துடைத்த பிறகே கேமராவைத் தொட வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் இடமும் ரப்பர்தான் என்பதால் முகத்தில் நான் பூசுவதில்லை.

படுக்காமலே கண்மட்டத்தைப் பிடிக்கப் பல வழிகள் இருக்கின்றன, தேடத்தான் எனக்கு முன்பு பொறுமை இல்லை. பழைய அலுமினியத் தாம்பாளம் ஒன்றின் நடுவில் துளையிட்டு, ட்ரைபாட் தலையை அதில் முடுக்கிவிட்டேன். ஐம்பது ரூபாய் வேலை. அதைத் தரையில் வைத்துத் தள்ளினால் கேமரா மண்ணிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவான உயரத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. நான் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, மடக்கித் திருப்பக்கூடிய திரையை மேல்நோக்கி வைத்துப் பார்க்கிறேன். திரை திரும்பாத கேமராவாக இருந்தால் பல கேமராக்களில் கைபேசிச் செயலி வழியாகவே பார்த்து ஷட்டரை இயக்கலாம். கைபேசியில் மட்டும் படமெடுப்பவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு தரையாகிவிடும். நெருஞ்சிப் பூவையும் தும்பையையும் இப்படி எடுத்துப் பாருங்கள், மரம்போல் எழுந்து நிற்கும். ஆட்காட்டிக் குருவிக்கு இன்னொரு வழி, கரைச்சரிவின் கீழே தெரிந்த பாதையில் நின்று மேலே இருக்கும் பறவையை எடுப்பது. மேடு பள்ளத்தைப் பயன்படுத்தினால் நின்றபடியே கண்மட்டம் கிடைக்கிறது. படுத்தே தீர வேண்டிய நாளில் கெட்டியான தார்ப்பாயை விரிக்கிறேன், அதுவும் புல்லும் சருகும் இல்லாத வெற்றுத் தரையில். முடிந்ததும் அதை மடித்துத் தனிப் பையில் கட்டி, வீட்டுக்குள் கொண்டுவராமல் மொட்டைமாடி வெயிலில் காயப்போடுகிறேன்.

வீடு வந்ததும் உடைகளை அப்படியே சுடுநீர் வாளியில் அமுக்கிவிட்டு, பீர்க்கங்கூடால் உடம்பு முழுவதும், குறிப்பாக இடுப்பையும் முழங்காலின் பின்புறத்தையும் தேய்த்துக் குளிக்கிறேன். இதற்கு இருபது நிமிடம் ஆகிறது. கார்டு அதுவரை கேமராவுக்குள்ளேயே இருக்கிறது.

கேமராப் பையின் உள்மூடியில் ஓர் அட்டையை ஒட்டிவைத்திருக்கிறேன். மேலே, "இந்தப் பைக்காரிக்குக் காய்ச்சல் என்றால் ஸ்க்ரப் டைபஸ் பரிசோதனை செய்யவும்" என்று எழுதி, அதன் கீழே நான் போன இடமும் தேதியும் பென்சிலால் வரிசையாக. ஒவ்வொரு தேதிக்கும் பிறகு இருபத்தொரு நாள் காய்ச்சலின்றிக் கழிந்ததும் அந்த வரியை அழித்துவிடுவேன். அக்டோபர் 27 மட்டும் அழிக்கப்படாமல் இருக்கிறது. அன்று எடுத்த படத்தைத்தான் ஒன்பதாம் வகுப்பின் சுவரில் மாட்டியிருக்கிறோம்.